தவளைக்கண் காரும் கிராணியாரின் மோரிஸ் மைனரும்

1958 மே 20. மான்டே கார்லோவில் பத்திரிகையாளர்களின் பார்வைக்கு ஒரு குட்டிக் கார் வைக்கப்பட்டது. கூரை இல்லை. இரண்டே இருக்கைகள். கதவின் வெளிப்பக்கம் கைப்பிடிகூடக் கிடையாது. பின்னால் சாமான் வைக்க இடம் உண்டு, ஆனால் அதற்கு மூடி இல்லை. இருக்கையின் முதுகை மடக்கிவிட்டு உள்ளே தள்ள வேண்டும். முன்மூடியின் மேலே இரண்டு விளக்குகள் மழை நாளில் தலைதூக்கிய தவளையின் கண்களைப்போல் உருண்டு நின்றன.

ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்பது அதன் பெயர். பிரிட்டனில் அதைத் ‘தவளைக்கண்’ என்றும், அமெரிக்காவில் ‘பூச்சிக்கண்’ என்றும் அழைத்தார்கள். அந்தக் கண்கள் அப்படி அமைந்ததற்குக் காரணம் சிக்கனம். வேண்டாத நேரத்தில் விளக்குகள் மடங்கிக்கொள்ளும்படிதான் முதலில் வரைந்திருந்தார்கள். செலவு கூடும் என்று மடக்கும் விசையை நீக்கிவிட்டார்கள். நிமிர்ந்த விளக்குகள் நிமிர்ந்தபடியே நின்றுவிட்டன.

சாதாரணச் சம்பளக்காரனும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்பதே இதை உருவாக்கிய டொனால்ட் ஹீலியின் ஆசை. அதனால் புதிதாக எதையும் செய்யாமல், சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்களின் உறுப்புகளை எடுத்துக் கோத்தார். முன்சக்கரத் தொங்கலமைப்பு ஆஸ்டின் ஏ35இலிருந்து வந்தது. திருப்பும் பற்சட்டம் மோரிஸ் மைனருடையது. 948 சிசி எஞ்சினும் மைனரில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின்தான். ஒற்றை கார்புரேட்டருக்குப் பதிலாக இரட்டை கார்புரேட்டர் பூட்டி, 37 குதிரைத்திறனை 43 ஆக்கினார்கள். மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகம். பிரிட்டனில் வரி சேர்த்து 669 பவுன் விலை. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 5,700 மலாயா வெள்ளி. நாளுக்குச் சில வெள்ளி கூலி வாங்கிய பால்மரத் தொழிலாளிக்கு அது எட்டாத கனவு.

அந்தக் காலத்து நெகிரி செம்பிலானை நினைத்துப் பார்க்க வேண்டும். சிரம்பான், லாபு, சிலியாவ், பகாவ் என எங்கும் இரப்பர்க் காடு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கப்படும். செம்மண் சாலையில் மண்டோர்கள் சைக்கிளில் போவார்கள். டயர் செய்யும் டன்லப் நிறுவனம் 1910இலேயே மலாயாவில் தோட்டங்களை வாங்கிவிட்டது. நம் முன்னோர் வெட்டிய மரத்தில் வழிந்த பால் கப்பலேறிப் போய், டயராக உருண்டு திரும்பி வந்தது.

கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் திறந்த கார் என்பதே ஆபத்தான பொருளாக இருந்தது. தோட்டத்துத் துரைமார் பலர் காருக்கு எஃகுத் தகடு அடித்து, துப்பாக்கியோடு போய்வந்தார்கள். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. கூரை இல்லாத காரில் காற்று வாங்கிக்கொண்டு சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போக அதன்பின் அஞ்ச வேண்டியதில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் துரைமார் உலகத்துப் பொருள். மோரிஸ் மைனரோ வேறு வகை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் கார், கிராணியார், பள்ளி ஆசிரியர், மருந்தகத்து டிரெசர் என்று மாதச் சம்பளம் வாங்கியவர்களின் முதல் காராக மலாயாவில் வேரூன்றியது. உலகெங்கும் 16 லட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. முதல் வடிவ ஸ்பிரைட்டோ 1958 முதல் 1961 வரை 48,987தான். அரிய காரும் எளிய காரும் எஞ்சினாலும் பற்சட்டத்தாலும் உறவுக்காரர்கள். இன்று ஒரு தவளைக்கண்ணை மீட்க நினைப்பவருக்கு அந்த உறவுதான் கைகொடுக்கிறது.

மீட்பு வேலையில் முதல் எதிரி துரு. நெகிரி செம்பிலானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம் உண்டு. செம்மண் சேறு சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்டால் உள்ளேயே நீரைப் பிடித்துவைத்துத் தகட்டைத் தின்னும். ஸ்பிரைட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பழைய கார்களில் கீழே கனமான சட்டம் தனியாக இருக்கும். மேலே உடல் உட்காரும். ஸ்பிரைட்டில் உடலே சட்டம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடுகளும், தரையும், பின்பக்கக் கூடும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. பின்னால் மூடி வைக்காமல் விட்டதற்குச் செலவு மட்டுமல்ல, அந்த உறுதியும் காரணம்.

வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்த காரை நம்பி வாங்குகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். அனுபவசாலி போமேன் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. குனிந்து, பின்சக்கர வில்கட்டு உடலோடு சேரும் இடத்தைத் திருகுளியால் தட்டிப் பார்ப்பார். டங்கென்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. பொத்தென்று உள்ளே போனால் வேலை அங்கிருந்து தொடங்கும்.

கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டை வெட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. கதவைக் கழற்றிவிட்டு, கதவு இருந்த இடைவெளியில் முன்தூணையும் பின்தூணையும் இணைத்து இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்குப் பிறகே ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிப் புதுத் தகடு சேர்க்க வேண்டும். அது முடிந்தபின் மறுபக்கம். அவசரப்பட்டு இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு எந்நாளும் பொருந்தாது. புதுத் தகட்டின் உட்புறம் மெழுகு தெளித்து, அடியில் நீர் வடியும் துளைகள் அடையாமல் பார்த்துக்கொண்டால், அடுத்த மழைக்காலங்களை அது தாங்கும்.

எஞ்சின் வேலை அத்தனை பயமுறுத்தாது. மைனரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைக்கு ஸ்பிரைட் புதிர் அல்ல. தோட்டத்து ஆலைகளிலும் லாரிக் கொட்டகைகளிலும் தொழில் கற்ற ஃபிட்டர்களுக்குப் வால்வை உரசி உட்காரவைப்பதும், இரண்டு கார்புரேட்டர்களின் மூச்சையும் ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்துக் கேட்டே சமன்செய்வதும் பழகிய வேலை. நூலில் படித்து வராத இந்தக் கைத்திறனை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

உறவில் ஒரு சிக்கலும் இருக்கிறது. உறுப்பு கிடைக்காத நாளில் ஸ்பிரைட்டுக்குள் மைனர் எஞ்சினையே தூக்கி வைத்துவிட முடியும், கார் ஓடும். ஆனால் வேகத்தைத் தாங்குவதற்காக ஸ்பிரைட் எஞ்சினுக்கு வால்வு வில்லும் பேரிங்கும் உறுதியாகச் செய்யப்பட்டவை. அதனால் வாங்குமுன் எண்களைப் பார்க்க வேண்டும். அசல் எஞ்சின் எண் 9சி என்று தொடங்கும். அடிச்சட்ட எண் ஏஎன்5 என்று தொடங்கும். அந்த எண்ணை இங்கிலாந்தின் கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால், தொழிற்சாலைப் பேரேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். எந்தத் தேதியில் செய்யப்பட்டது, முதலில் என்ன நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கார்களுக்கு இருக்கிற அந்தப் பேரேடு, அவற்றைப் பழுதுபார்த்த மனிதர்களுக்கு இல்லை. 1960களில் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோதும், இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், 1985இல் உள்நாட்டுக் காரான புரோட்டோன் சாகா சாலைக்கு வந்து பழைய ஆங்கிலக் கார்கள் இரும்புக் கடைக்குப் போனபோதும் அவர்கள் தொழிலை விடவில்லை. இன்று நீலாயிலும் சிரம்பானின் புறப்பகுதிகளிலும் பழைய தோட்ட நிலங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. அங்கே குடியிருக்கும் முதியவர்களில், மைனரின் கியர்பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரை மீட்கிறவர்கள் ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளட்டும். எந்தத் திருகை முதலில் தளர்த்த வேண்டும், எந்த உறுப்பை எந்தக் காரிலிருந்து எடுத்துப் பொருத்தினார், எந்தத் தோட்டத்தில் யாரிடம் தொழில் கற்றார் என்று கேட்டு எழுதி, அந்தத் தாளையும் கேடன் சான்றிதழோடு அதே கோப்பில் வைக்கட்டும்.