வீடு திரும்பும் வழியில் ஒரு கூட்டம்

குடிநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரின் மருந்துச் சீட்டில், மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே ஒரு முகவரியையும் நாங்கள் எழுதித் தருவது வழக்கம். கிழமையும் நேரமும் அதனருகே இருக்கும். மறுபரிசோதனைக்கு வரும்போது, "அங்கே சென்றீர்களா?" என்று கேட்டால் பலர் தலையைக் குனிந்துகொள்கின்றனர். மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடாதவர்கள்கூட அந்த முகவரியைத் தேடிச் சென்றிருப்பதில்லை.

ஒருவர் மூன்று சனிக்கிழமைகள் அந்தத் தெரு வரை சென்றிருக்கிறார். எதிரேயிருந்த தேநீர்க் கடையில் நின்று, உள்ளே செல்பவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். தெரிந்தவர் எவரேனும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதே அவருடைய அச்சம். நான்காவது வாரம் துணிந்து உள்ளே சென்றபோது, உண்மையிலேயே தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே அமர்ந்திருந்தார்.

'ஏ.ஏ.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பே இத்தகைய ஒரு தேடலில் பிறந்ததுதான். 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்னும் அமெரிக்கர் தொழில் நிமித்தமாக ஆக்ரன் நகருக்குச் சென்றிருந்தார். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. சென்ற காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடத்திலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. அவர் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களை அழைத்து, தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அவ்வாறு அறிமுகமானவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் மட்டுமே இருப்பதாகச் சொல்லி வந்த அந்த மருத்துவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அறிமுகமில்லாத ஊரில் தயங்கித் தயங்கித் தொலைபேசியில் விசாரிப்பது வெட்கத்திற்குரியதன்று; தொடக்கமே அதுதான்.

இன்று விசாரிப்பது எளிது. எங்கள் ஆலோசகரிடம் கேட்கலாம். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ கட்டணமின்றி அழைக்கலாம். முகவரி கிடைத்ததும் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. கூட்டம் தமிழில் நடைபெறுகிறதா? அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தினரும் வரலாம். மூடிய கூட்டம், குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டுமே உரியது. முதல் நாள் வாயிலில் எவரேனும் வந்து அழைத்துச் செல்வார்களா என்றும் தயங்காமல் கேளுங்கள். கூடுமானால் மாலை நேரக் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்து கால்கள் பழைய வழியில் திரும்பும் நேரம் அதுவே.

உள்ளே என்ன நடைபெறும்? நாற்காலிகள், தேநீர், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. பேச விருப்பமில்லையெனில் கேட்டுக்கொண்டிருக்கலாம். உண்டியல் சுற்றி வரும்போது புதியவர் எதுவும் இடவேண்டியதில்லை. பல கூட்டங்கள் தேவாலய வளாகத்தில் நடைபெறுவதால், மதம் மாற்றிவிடுவார்களோ என்று சில குடும்பத்தினர் எங்களிடம் கேட்டதுண்டு. அந்த அறைகள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன என்பதே காரணம்; ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததன்று. இறைவனைப் பற்றிய பேச்சு வரும். அவரவர் புரிந்துகொண்டவாறு அதை ஏற்கலாம். முதல் கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிட்டால் வேறொரு குழுவுக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு.

27 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்து 2020ஆம் ஆண்டு வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, ஏ.ஏ. வழிமுறையை முறையாக அறிமுகப்படுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்க மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுவதாகக் கண்டது. ஆயினும் கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டொரு நாள்களில் வலிப்பும், அதன்பின் மனக்குழப்பமும் ஏற்படக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் வரவேண்டிய இடம் மருத்துவமனை.

குடும்பத்தினருக்கு ஒரு சொல். உணவில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடிகளை வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் போன்ற மருந்தை அறியாமல் உட்கொண்டவர் மது அருந்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரிழக்கவும் நேரலாம். கூட்டத்துக்கு வர அவர் மறுத்தால், நீங்கள் செல்லுங்கள். குடிநோயாளிகளின் உறவினர்களுக்கென்றே 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அல்-அனான். கணவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கையிலேயே அங்கே செல்லும் மனைவியர் உண்டு. பணப்பையை ஒளித்து வைப்பதையும் அலுவலகத்துக்குப் பொய் சொல்வதையும் எப்படி நிறுத்தினார்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

இடையில் ஒரு நாள் குடித்துவிட்டவர்களும் மீண்டும் வரலாம். கூட்டத்தின் கதவு அவர்களுக்கு மூடப்படுவதில்லை. தேநீர்க் கடையில் நின்ற அந்த அன்பர், ஒரு முறை தவறிய பின்னர், இப்போது சனிக்கிழமைகளில் முன்னதாகவே சென்று நாற்காலிகளை எடுத்துப் போடுகிறார். எதிர்ப்புறம் எவரேனும் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தால், சாலையைக் கடந்து சென்று தாமும் ஒரு தேநீர் வாங்கிக்கொள்கிறார்.