அணியம், அமரம், நடுவயிறு: கிள்ளானில் கப்பலேறும் முன்

பூலாவ் இண்டா முனையத்தில், பெட்டிகளோடு கப்பலேறக் காத்திருந்த வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, “கப்பல் ரொம்ப ஆடுமாடி?” என்று கேட்டார். “பெரிய கப்பல் பாட்டி, ஆடவே ஆடாது” என்றாள் பேத்தி. பாட்டியின் முகம் தெளியவில்லை. அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குச் சரியான பதில், அவர் கப்பலின் எந்த இடத்தில் படுக்கப் போகிறார் என்பதில் இருக்கிறது.

சொகுசுக் கப்பலில் போகிறவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்த்து அறை எடுக்கிறார்கள், படத்தைப் பார்த்துச் சுற்றுலா எடுக்கிறார்கள். கப்பல் ஓர் இயந்திரம். அது எப்படி அசைகிறது, எங்கே இரைகிறது, கரையில் எப்படி நேரம் கணக்கிடுகிறது என்பது தெரிந்துவிட்டால் எந்த அறை, எந்தத் துறை, எந்தச் சுற்றுலா என்ற கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைக்கும்.

கிள்ளான் தமிழருக்குக் கப்பல் புதிதன்று. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் ஆன துறைமுகம் இது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக ஆயிரமாயிரம் பேரை இங்கே கொண்டுவந்து இறக்கியது. பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. அவற்றில் பெரும்பாலோர் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். இன்று அதே மலாக்கா நீரிணையில், பிழைப்புக்காக அல்லாமல் மகிழ்ச்சிக்காக, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மூன்று நாள் நான்கு நாள் பயணம் போகிறார்கள்.

தேரும் கப்பலும்

கப்பலின் முன்பகுதிக்கு நம் கடலோர மக்கள் வைத்த பெயர் அணியம். பின்பகுதி அமரம். அலை வரும்போது அணியம் மேலேறும், அமரம் கீழிறங்கும். அடுத்த நொடி மாறும். சிறுவர் பூங்காவில் இருக்கும் ஏற்ற இறக்கப் பலகையைப் போன்றது இது. இரண்டு நுனிகளில் உட்கார்ந்தவர்கள் மேலும் கீழும் போவார்கள். நடுவில் கை வைத்து நிற்பவருக்கு அசைவே தெரியாது.

இதை எண்ணில் பார்ப்போம். ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் 2016இல் கட்டி முடிக்கப்பட்ட ‘கெந்திங் ட்ரீம்’ கப்பலின் நீளம் 335 மீட்டர். நம் இரட்டைக் கோபுரத்தின் உயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அந்த நீளத்தில் கப்பல் ஒரே ஒரு பாகை சாய்ந்தால் அணியத்தின் முனை கிட்டத்தட்ட 3 மீட்டர் மேலேறும். நடுவிலோ சில சென்டிமீட்டர்தான். பேருந்தில் கடைசி இருக்கை தூக்கிப் போடுவதும், சக்கரங்களுக்கு நடுவே உள்ள இருக்கை அமைதியாக இருப்பதும் இதே கணக்குத்தான்.

இரண்டாவது அசைவு பக்கவாட்டு உருளல். இங்கே உயரம்தான் கணக்கு. தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: கீழே சக்கரம் நிதானமாக உருளும், மேலே கலசம் ஆடும். நீர்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் அறை, கப்பல் இரண்டு பாகை சாய்ந்தால் ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகரும். கீழ்த்தளத்தில் அது தெரியவே தெரியாது.

உருளலைக் குறைக்கக் கப்பலின் இருபுறமும், நீருக்கடியில், மீன் துடுப்பு போன்ற இரண்டு தகடுகள் உண்டு. நிலைப்படுத்தித் துடுப்புகள் என்று சொல்லலாம். விமான இறக்கை காற்றில் செய்வதை இவை நீரில் செய்கின்றன. கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கினால் இடப்புறத் துடுப்பு மேல்நோக்கித் தள்ளும், வலப்புறத் துடுப்பு கீழ்நோக்கி இழுக்கும். நீர் வேகமாக ஓடினால்தான் இறக்கைக்கு வலு. ஆகவே கப்பல் வேகமாகப் போகும்போது சுகமாக இருக்கும். நங்கூரமிட்டு நிற்கும்போது இந்த உதவி குறையும். கப்பல் நின்ற பிறகு ஏன் தலை சுற்றுகிறது என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் காரணம்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. மலாக்கா நீரிணை ஒருபக்கம் தீபகற்பமும் மறுபக்கம் சுமத்ராவும் அணைத்த கடல். பெருங்கடலின் நீண்ட அலை இங்கே அதிகம் நுழைவதில்லை. பினாங்கையும் தாண்டி புக்கெட் பக்கம் அந்தமான் கடலுக்குப் போனால், மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றில் ஆட்டத்தை உணர்வீர்கள்.

எந்த அறை?

தலைசுற்றல் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். விலை குறைவான அறைகள் பல அங்கேதான் இருக்கின்றன. மேல்தளத்து உப்பரிகை அறைக்குக் கூடுதலாக நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து, கூடுதலாக ஆட்டத்தையும் வாங்க வேண்டாம்.

உள்ளறைக்கு சன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. இரண்டு மூன்று இரவுப் பயணத்தில் அறைக்குத் தூங்க மட்டுமே வருகிறவர்களுக்கு அது போதும். ஆனால் அதிகம் நடக்க முடியாத தாய் தந்தையரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் உப்பரிகை எடுப்பது நியாயம்; அவர்களுக்குக் கடல் அந்த நாற்காலியிலிருந்துதான் தெரியும். அப்போது பக்கத்தையும் பாருங்கள். கிள்ளானிலிருந்து பினாங்கு நோக்கி வடக்கே போகும்போது சூரியன் மறைவது இடப்பக்கம், கரை தெரிவது வலப்பக்கம். திரும்பி வரும்போதும், தெற்கே சிங்கப்பூர் போகும்போதும் இது தலைகீழ். அறை எண்ணை வைத்துப் பக்கத்தை ஊகிக்காதீர்கள். கப்பலுக்குக் கப்பல் மாறும். தள வரைபடத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அந்த வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்றும் பாருங்கள். ஒருமுறை எனக்குக் கிடைத்த அறை நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. விடியுமுன்னே தலைக்கு மேல் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் தொடங்கிவிட்டது. மூன்று நாளும் அதே கதை. மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் அமைதியானது. அணியத்தின் கீழ்ப்பகுதியில் நங்கூரச் சங்கிலியும், கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் குறுக்கு உந்திகளும் இருக்கின்றன. கப்பல் துறை சேரும் அதிகாலையில் அங்கே படுத்திருப்பவர்களுக்குக் கட்டில் அதிரும். பக்கத்து அறைக்குப் போகும் இணைப்புக் கதவு உள்ள அறை குடும்பமாகப் போகிறவர்களுக்கு வசதி. மற்றவர்களுக்கு அடுத்த அறைப் பேச்சு கேட்கும். நிறுவனமே அறையை ஒதுக்கித் தரும் மலிவுச் சீட்டில் இவை எதையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

மிதக்கும் ஊரின் கட்டுப்பாடுகள்

பெரிய கப்பல்களில் பலவும் மின்சாரத்தில் ஓடுகின்றன. டீசல் இயந்திரங்கள் மின்சாரம் ஆக்கித் தர, கப்பலின் அடியில் தொங்கும் கூண்டுக்குள் இருக்கும் மின்மோட்டார் உந்துவிசிறியைச் சுழற்றும். கூண்டே முழு வட்டம் திரும்பும் என்பதால் தனிச் சுக்கான் வேண்டியதில்லை. குடிக்கவும் குளிக்கவும் தேவையான தண்ணீரில் பெரும்பங்கைக் கப்பலே கடல்நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கழிவறை விமானத்தில் இருப்பதுபோல் வெற்றிடத்தால் உறிஞ்சுவது. ஒரு குழந்தைத் துணியை அதில் போட்டால் அந்த வரிசையில் உள்ள பல அறைகளுக்கும் அடைத்துக்கொள்ளும்.

கப்பல் மிகவும் அஞ்சுவது நெருப்புக்கு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, பயணிகள் பலர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தக் கப்பலின் வாழ்வும் முடிந்தது. இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கெட்டில், மெழுகுவர்த்தி, ஊதுவத்தி ஆகியவற்றைக் கப்பல் ஊழியர்கள் உங்கள் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அறையில் காலை விளக்கேற்றும் வழக்கம் உள்ளவர்கள், அந்த மூன்று நாளும் மனத்திலேயே ஏற்றிக்கொள்ளட்டும்.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் ‘கோஸ்டா கொன்கோர்டியா’ கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று உலக விதி மாறியது. ஏழு சிறிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் அறையிலிருந்து கூடுமிடத்துக்கு ஒருமுறை படிக்கட்டு வழியாகவே நடந்து பாருங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கைக்குத் தெளிக்கும் மருந்தை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பல்களில் வாந்திபேதி பரப்பும் நோரோ கிருமி அந்த மருந்துக்கு எளிதில் சாகாது.

கரையில் எட்டு மணி நேரம்

கப்பல் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை நிற்கும் என்று அட்டவணையில் இருந்தால், கையில் எட்டு மணி நேரம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். இறங்கும் வரிசைக்கு ஒரு மணி. திரும்பி வந்து ஏறுவதற்கு, புறப்படுவதற்கு ஒரு மணி முன்னதாக. மிஞ்சியது ஆறு. அதில் போகவர எடுக்கும் நேரத்தைக் கழித்தால்தான் உண்மையான கணக்கு.

தமிழ்நாட்டு உறவினர் கப்பலில் பூலாவ் இண்டா வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பத்துமலை ஆசை. முனையத்திலிருந்து நெரிசலில் அங்கே போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மிஞ்சும் மூன்று மணியில் 272 படி ஏறி இறங்கலாம். ஆனால் கண் கடிகாரத்திலேயே இருக்கும். பிரிக்பீல்ட்ஸையும் சேர்த்தால் எதையும் பார்த்தது ஆகாது. கிள்ளான் நகரம் அதைவிட மிகவும் பக்கம். தெங்கு கிளானா சாலையில் காலைத் தோசை, பூக்கடை, புடவைக்கடை, சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் நிதானமான தரிசனம், மதியம் வாழையிலைச் சாப்பாடு. ஆற அமர முடியும். ஒன்றை நினைவில் வையுங்கள்: பெலாபுவான் கிள்ளான் கேடிஎம் நிலையம் பெருநிலத்தில் இருக்கிறது; பயணிகள் முனையமோ தீவில். இரண்டையும் ஒன்று என்று நினைத்து ரயிலை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. வண்டியை முன்பே பேசி வையுங்கள்.

பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறை ஜோர்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில். அங்கே சுற்றுலாச் சீட்டுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. புக்கெட்டில் பல கப்பல்கள் கரையை அணையாமல் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆளை இறக்குகின்றன. அசையும் படகில் காலெடுத்து வைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்பே கேட்டறியுங்கள்.

பொதுவான விதி இதுதான்: நடந்து போகிற தூரமென்றால் நீங்களே போங்கள்; ஒரு மணிக்கு மேல் சாலைப் பயணம் என்றால் கப்பலே நடத்தும் சுற்றுலாவை எடுங்கள். அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். உங்கள் வாடகை வண்டி தாமதமானால் காத்திருக்காது. கப்பலின் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் ‘கப்பல் நேரத்தை’ உங்கள் கைக்கடிகாரத்தில் வையுங்கள். தாய்லாந்து மணி நம்மைவிட ஒரு மணி பின்னால் இருக்கிறது, கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் மாறாமலும் இருக்கலாம்.

இறங்கியபோது இருந்த ஏணிப்பாலம் ஏறும்போது வேறு மாதிரி இருந்தால் பதற்றம் வேண்டாம். கிள்ளான் நீரிணையில் ஏற்றவற்றத்துக்கு நீர்மட்டம் பல மீட்டர் மாறும். கப்பலும் கூடவே ஏறி இறங்கும். காலையில் சமமாகக் கிடந்த பாலம் மாலையில் செங்குத்தாக நிற்கும். சக்கர நாற்காலியோடு வருகிறவர்கள் ஊழியரிடம் உதவி கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சைவச் சாப்பாட்டை முன்பதிவின்போதே சொல்லுங்கள். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி அறைக்கு வரப் பல மணி நேரம் ஆகலாம். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள்; நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்தால் கட்டணம் கடுமை.

அந்தப் பாட்டியை மறுநாள் காலை மேல்தளத்தில் பார்த்தேன். அறை கீழ்த்தளத்தில் நடுவிலே என்றார். இரவு படுக்கையருகே வைத்த தம்ளர் தண்ணீர் விடியும்வரை தளும்பவில்லையாம். “எங்கம்மா வந்த கப்பல்ல ஏழு நாளும் வாந்திதான்னு சொல்லுவாங்க” என்று கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.