பிளக்கில் பொறி பறந்தால் போதுமா?

பழைய அம்பாசிடர் காரில் போயிருக்கிறீர்களா? நன்றாக ஓடிய வண்டி திடீரென்று குலுங்கும்; இழுவை குறையும். 'மிஸ்ஸிங்' என்பார் மெக்கானிக். நான்கு சிலிண்டர்களில் ஒன்று எரியவில்லை. எது?

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மின்காப்பிட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். (நீங்கள் தொட்டுவிடாதீர்கள், அங்கே பல ஆயிரம் வோல்ட்!) எதைக் கழற்றியும் எஞ்சின் வேகம் தணியவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது.

அதன் பிளக்கை வெளியே எடுத்துச் சோதித்தால் பளிச்சென்று பொறி பறக்கிறது! அப்படியானால் பிளக் நல்லதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெளியே இருப்பது சாதாரணக் காற்று. சிலிண்டருக்குள்ளோ பிஸ்டன் பெட்ரோல் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருங்கிய வாயுவில் எலெக்ட்ரான்கள் அடிக்கடி மூலக்கூறுகளில் மோதுவதால் போதிய வேகம் பெறுவதில்லை. எனவே அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். அப்போது மின்சாரம், பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால், அதன் வழியே நழுவிவிடும். மேடேறுகையில் கலவை இன்னும் மிகுதியாக நுழைவதால் மிஸ்ஸிங்கும் மிகுகிறது.

ஆகவே எஞ்சினை நிறுத்தி, ஆறியபின், அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்ற வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் கெட்டது. மாறாவிட்டால், அடுத்து வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பார்ப்பார்.