உங்கள் கடைக் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறுகிறதா?

காலையில் கடை திறந்ததும் நாம் முதலில் செய்வது என்ன? வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கிறோம். தராசைத் துடைக்கிறோம். சாமி படத்துக்குப் பூ வைத்து, சாம்பிராணி காட்டி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டு வியாபாரத்தைத் தொடங்குகிறோம். இத்தனையும் தவறாமல் செய்கிற நாம், நாள் முழுதும் பில் போட்டு, சரக்கு இருப்பைச் சொல்லி, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம்? "வாங்கிய நாளிலிருந்து திறந்ததே இல்லை" என்பதுதான் நம்மில் பலருடைய பதிலாக இருக்கும்.

1990-களில் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதற்கு இருந்த மரியாதையே வேறு. தனி அறை, ஏ.சி. வசதி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் துணி உறை போட்டு மூடி வைப்பார்கள். இன்று அது கல்லா மேசைக்கு அடியில், காலடித் தூசியும் சாக்குத் தூசியும் படுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வேலை பல மடங்கு கூடிவிட்டது. கவனிப்பு மட்டும் குறைந்துவிட்டது.

எங்கள் மண்டியில் நடந்தது

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி திங்கட்கிழமை ஆயுத பூஜை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பருப்பு மண்டியைச் சுத்தம் செய்தோம். ஒட்டடை அடித்த பையன், தானாகவே பொறுப்பெடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியையும் திறந்து, சாக்குத் தூசி ஊதும் புளோயரை முழு வேகத்தில் வைத்து ஊதிவிட்டான். மலைபோலத் தூசி வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பூஜை முடிந்து கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தபோது, "அண்ணாச்சி, லைட் எரியுது, திரையில ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றான்.

மறுநாள் விஜயதசமி. பழுது பார்ப்பவர் கிடைக்கவில்லை. அந்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்தாக வேண்டும். செப்டம்பர் மாத விற்பனை முழுவதும் அந்தப் பெட்டிக்குள். கடைசியாகப் பென் டிரைவில் நகல் எடுத்தது எப்போது என்று பார்த்தால், ஜூலை மாதம்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

10-ஆம் தேதிதான் ஆள் வந்தார். புளோயரின் முனை இடித்ததில் ரேம் அட்டை தன் இடத்திலிருந்து நழுவியிருந்தது. பிராசசர் விசிறி தாறுமாறான வேகத்தில் சுழன்றதில் ஓர் இறக்கை உடைந்திருந்தது. ரேமைச் சரியாகப் பொருத்தி, விசிறியை மாற்றியதும் இயந்திரம் உயிர் பெற்றது. ஹார்ட் டிஸ்க் தப்பியது எங்கள் நல்ல காலம். 11-ஆம் தேதி இரவு கணக்கைத் தாக்கல் செய்தோம்.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. சுத்தம் செய்ய வேண்டும் என்ற அவன் எண்ணம் சரி, முறைதான் தவறு. அந்த முறையை அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதது முதலாளியாகிய என் தவறு. அதன் பிறகு கற்றுக்கொண்டு, இன்றுவரை கடைப்பிடித்து வருவதையே இங்கு எழுதுகிறேன்.

தூசி என்ன செய்கிறது?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர் என்னும் சிறு சில்லு. பில் போடும் கம்ப்யூட்டர்களில் பரவலாக இருப்பது 65 வாட் வகை. அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட முடியுமா? அந்த அளவு வெப்பம் ஒரு சிறு சில்லில் உண்டாகிறது. அதை வெளியேற்றத்தான் மேலே ஹீட் சிங்க் எனப்படும் அலுமினியத் தகட்டு அடுக்கும், அதன்மேல் விசிறியும் வைத்திருக்கிறார்கள். விசிறி இழுக்கும் காற்றோடு தூசியும் வருகிறது. தகடுகளின் இடுக்கில் அது படிந்து படிந்து, கடைசியில் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. காற்று உள்ளே போக வழியில்லை; வெப்பம் வெளியேற வழியில்லை.

வெப்பம் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போதும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடும். விசிறியால் கடைக்குள் இருக்கும் காற்றைத்தான் வீச முடியும். சித்திரை, வைகாசியில் அந்தக் காற்றே கொதிக்கிறது என்பதால் கோடையில் இந்தத் தொல்லை அதிகம்.

தூசியும் கடைக்குக் கடை வேறுபடும். ஜவுளிக் கடையில் பஞ்சு இழை, விசிறியில் சுற்றிக்கொள்ளும். மாவு, மிளகாய்த்தூள் புழங்கும் கடையில் நுண்ணிய தூள். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் பசைபோல ஒட்டும். சிமெண்டுக் கடைத் தூசி ஈரம் பட்டால் இறுகும். இரும்புக் கடையிலும் லேத் பட்டறையிலும் பறக்கும் உலோகத் துகள் மின்சாரத்தைக் கடத்தும். மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்ட தூசி, உலோக முனைகளை அரிக்கும். இவை போதாதென்று, வெதுவெதுப்பைத் தேடி வரும் பல்லியும் கரப்பானும் உள்ளே புகுந்து, தாமும் கருகி, இயந்திரத்தையும் கெடுத்துவிடும்.

அறிகுறிகள்

விசிறிச் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்பது. காலையில் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் மதியத்துக்கு மேல் மந்தமாவது. கூட்ட நேரத்தில் தானாக அணைந்து, சற்று நேரம் கழித்துப் போட்டால் ஒழுங்காக ஓடுவது. பின்புறம் கை வைத்தால் காற்று வராமல் வெறும் அனல் மட்டும் தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பெட்டியைச் சுத்தம் செய்யும் வேளை வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முதலில் கணக்கு, பிறகு தூசி

பெட்டியில் கை வைக்கும் முன் கணக்குகள் அனைத்தையும் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ நகல் எடுத்துவிடுங்கள். அந்த நகல் சரியாகத் திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டியது வியாபாரியின் பொறுப்பு. கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து வாங்கலாம். போன கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

சுத்தம் செய்யும் முறை

தேவையானவை: ஒரு ஸ்க்ரூ டிரைவர், இதுவரை பெயிண்டில் தோய்க்காத புதிய ஓர் அங்குல மென்மயிர்த் தூரிகை, வேகம் குறைக்க வசதியுள்ள சிறிய புளோயர், மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி. அரை மணி நேரம் போதும்.

1. கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்யுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. யு.பி.எஸ். பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். எனவே யு.பி.எஸ்ஸையும் அணைத்து, பெட்டியின் பின்னால் உள்ள மின் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

2. மற்ற வயர்கள் எது எங்கே செருகியிருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, அவற்றையும் கழற்றுங்கள். பிறகு பெட்டியின் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

3. பெட்டியைச் சரக்கு இல்லாத, ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் முன்பக்கத்திலிருந்து பார்க்க இடப்புறமுள்ள தகட்டைத்தான் திறக்க வேண்டும். பின்னால் உள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றித் தகட்டைப் பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும்.

4. உள்ளே எதையும் தொடும் முன், பெட்டியின் பெயிண்ட் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். நம் உடம்பில் சேரும் நிலை மின்சாரம் சுமார் 3000 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் நமக்கு உறைப்பதே இல்லை. ஆனால் அதில் ஒரு சிறு பங்கே சில்லுகளைக் கெடுக்கப் போதுமானது. வேலைக்கு நடுவில் எழுந்து போய் வந்தால் மறுபடியும் தொட்டுக்கொள்ள வேண்டும். பாலியஸ்டர் துணி விரிப்பின்மேல் வைத்து வேலை செய்ய வேண்டாம்.

5. தூரிகையால் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிவிடுங்கள். அட்டைகளின் ஓரத்தைப் பிடித்தால் போதும். சில்லுகளைத் தொட வேண்டாம்.

6. விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, புளோயரைக் குறைந்த வேகத்தில், ஒரு அடி தூரத்தில் வைத்து, விட்டுவிட்டு ஊதுங்கள். விசிறியைப் பிடிக்காமல் ஊதினால், எங்கள் மண்டியில் நடந்ததுதான் உங்கள் கடையிலும் நடக்கும். ஹீட் சிங்கின் தகட்டு இடுக்குகளைப் பொறுமையாகச் சுத்தம் செய்யுங்கள். தலையாய வேலை இதுதான்.

7. மின் வயர் செருகும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள். அதை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தங்கியிருக்கக் கூடும். அது உயிருக்கு ஆபத்து.

8. முன்புற வலையில் தூசி வடிகட்டி இருந்தால் தனியே கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

9. ரேம் அட்டை இரு முனையிலும் அழுந்தியிருக்கிறதா, உள் வயர்கள் எதுவும் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தகட்டை மூடி, வயர்களைச் செருகுங்கள். போட்டதும் விசிறி ஓடுகிறதா என்று பின்புறம் கை வைத்துப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

ஈரத் துணி உள்ளே போகவே கூடாது. பெட்ரோல் பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் உள்ள கம்ப்ரஸர் காற்று வேண்டாம். அதில் அழுத்தம் அதிகம், தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையில் நிலை மின்சாரம் உண்டாகும். உள்ளே காட்ட வேண்டாம். டப்பாவில் விற்கும் காற்று ஸ்பிரேயை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உறைகுளிர்த் திரவம் வெளியேறும்.

ஹீட் சிங்கைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அதற்கும் பிராசசருக்கும் இடையில் ஒரு பசை உண்டு. கழற்றினால் பழைய பசையைத் துடைத்துப் புதிதாகப் போட்டாக வேண்டும். கருகிய வாடை, தண்ணீர் உள்ளே போனது, கரகரவென்ற விசிறிச் சத்தம் ஆகியவையும் தெரிந்த ஆளிடம் விட வேண்டியவை. வாரண்டி காலம் முடியாத கம்ப்யூட்டரில் சீல் ஒட்டியிருந்தால், விற்றவரைக் கேட்டுவிட்டுத் திறப்பது நல்லது.

வைக்கும் இடமும் முக்கியம்

தரையில் வைக்காமல் அரை அடி உயரப் பலகையின்மேல் வையுங்கள். சுவருக்கும் பெட்டியின் பின்புறத்துக்கும் அரை அடி இடைவெளி இருக்கட்டும். ஓடும்போது துணி உறை போடக் கூடாது. காற்று வரட்டும் என்று பக்கத் தகட்டைக் கழற்றியே வைப்பதும் தவறு. பல்லிக்குக் கதவு திறந்துவிட்டதாக ஆகும். சாம்பிராணிப் புகையைக் கல்லாவுக்குக் காட்டுங்கள், கம்ப்யூட்டருக்குச் சற்று எட்டியே நில்லுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? மாவு, மிளகாய், சிமெண்டு, பருப்பு மண்டிகளில் மாதம் ஒரு முறை. ஜவுளி, பாத்திரம், ஸ்டேஷனரி கடைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஏ.சி. அலுவலகங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். அமாவாசையன்று பாதி நாள் கடை அடைப்பவர்கள் அன்றைக்கே இந்த வேலையையும் வைத்துக்கொள்ளலாம், மறக்காது.

வருகிற ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வையுங்கள், தவறில்லை. பெட்டியின் வெளிப்புறத்தில், துளை இல்லாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் சந்தனம் போதும். தண்ணீர் தெளிக்க வேண்டாம். அதற்கு முன் கணக்கை நகல் எடுத்துவிட்டு, கடைப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே ஒரு முறை பெட்டியைச் சுத்தம் செய்து காட்டுங்கள். அடுத்த முறை அவனே சரியாகச் செய்வான். எங்கள் மண்டியில் இப்போது அந்தப் பையன்தான் மாதாமாதம் செய்கிறான். விசிறியைப் பிடித்துக்கொள்ள அவன் மறந்ததே இல்லை.