கரித்துண்டும் ஒரு மதிப்பெண் வினாவும்

மண்ணும் வகுப்பறையும் – 11

கீழடியை முதலில் கண்டுகொண்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள். 1970களில் அந்த ஊரில் கிணறு வெட்டும்போதும் வயலை உழும்போதும் வெளியே வந்த பானை ஓடுகளையும் வேறு பழம்பொருட்களையும் அவர்கள் பள்ளிக்கு எடுத்து வந்தார்கள். அப்போது அங்கே ஆசிரியராக இருந்த வி.பாலசுப்பிரமணியம் அவற்றை வாங்கிப் பார்த்து, பழமையானவை என்று புரிந்துகொண்டு, தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னார். ஊர் தொடர்ந்து வயல் உழுதது, தென்னை வைத்தது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து, 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு வைகை நெடுக ஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தது. அவற்றுள் ஒன்றான கீழடிப் பள்ளிச்சந்தைத் திடலில் அகழாய்வு தொடங்கிய பிறகுதான், மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரின் பெயர் நாடெங்கும் போய்ச் சேர்ந்தது.

தாமிரபரணிக் கரைச் சிவகளையின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். தாழிகள் புதைந்து கிடந்த அந்தப் பரம்பு மேட்டை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்ரீவைகுண்டத்துப் பள்ளியொன்றின் வரலாற்று ஆசிரியர் மாணிக்கம். 2020இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே குழி வெட்டியது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் ஆசிரியர் வே.ராஜகுரு நடத்திய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் பிள்ளைகள் கல்வெட்டுப் படிக்கக் கற்றார்கள். தங்கள் ஊர்ப்புறத்தில் பழைய காசுகளையும் பானை ஓடுகளையும் அடையாளம் கண்டு சொன்னார்கள்.

மூன்று ஊர்களிலும் பழமையைக் கண்டுகொள்ள ஓர் ஆசிரியர் இருந்திருக்கிறார். தமிழ்நாட்டுத் தொல்லியலின் வரலாற்றில் இந்த ஆசிரியர்களுக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். இன்னும் யாரும் எழுதவில்லை என்பது வருத்தம் தருகிறது.

இனி பாடப்புத்தகத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில், தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாடு பற்றிய பாடத்தில் ஆதிச்சநல்லூர், கீழடி, பொருந்தல், பையம்பள்ளி, கொடுமணல் என ஐந்து இடங்கள் வருகின்றன. ஒரு தலைமுறைக்கு முன் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்களில் பல வகுப்பில் காதில் விழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. அந்த வகையில் இது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் வகுப்பில் அடுத்து நடப்பதைப் பாருங்கள். ஆசிரியர் பத்தியை வாசிக்கிறார். பிள்ளைகள் ஊர்ப் பெயருக்கு அடியில் கோடு போடுகிறார்கள். தேர்வில் ‘பொருத்துக’ பகுதியில் இடப்பக்கம் பொருந்தல், வலப்பக்கம் பழனி. ஒரு மதிப்பெண். அதோடு பொருந்தல் முடிந்துவிடுகிறது.

அந்தப் பொருந்தலில் பேராசிரியர் கா.ராஜன் குழு 2009-10இல் நடத்திய அகழாய்வில், ஒரு கல்லறையில் நான்கு கால் வைத்த ஜாடிக்குள் நெல்மணிகள் கிடைத்தன. அவற்றைக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பியபோது பொ.ஆ.மு. 490 என்ற காலம் வந்தது. அதே கல்லறையில் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு பொருளும் இருந்தது. நெல்லுக்கு வயது தெரிந்தால், பக்கத்தில் கிடந்த எழுத்துக்கும் வயது சொல்ல ஒரு வழி திறக்கிறது. 11 வயதுப் பிள்ளை இதைக் கேட்டால் கண் விரியும். ‘நெல்லை வைத்து எப்படி சார் வருஷம் சொல்றாங்க?’ என்று ஒரு குரலாவது எழும். சமூக அறிவியல் வகுப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் வகுப்புகளோ அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே மணியடித்து முடிந்துவிடுகின்றன.

அகழாய்வுக் குழியில் வேலை நடக்கும் விதமே ஒரு முழுப் பாடம். குழியின் சுவர்களைச் செங்குத்தாகச் செதுக்கி வைக்கிறார்கள். மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறும் இடங்களில் கோடு கீறி, அடுக்குக்கு ஓர் எண் எழுதிய சீட்டைக் குத்துகிறார்கள். சிறு கொத்தியால் சுரண்டிய மண்ணைச் சல்லடையில் போட்டு அலசுகிறார்கள். பானை ஓடுகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் மையால் ஊர், ஆண்டு, குழி, ஆழம் ஆகியவற்றைப் பொடி எழுத்தில் குறிக்கிறார்கள். கட்டைவிரல் நகம் அளவு ஓடாக இருந்தாலும் இந்த விலாசம் இல்லாவிட்டால் அது வெறும் ஓடு.

கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் தமிழி எழுத்துள்ள 56 ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் போன்ற ஆட்பெயர்கள் அவற்றில் உண்டு. ஓட்டைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் கீறலின் விளிம்பு சிராய்த்திருப்பது தெரியும். ஈர மண்ணில் எழுதியிருந்தால் கோடு வழுவழுப்பாக இருந்திருக்கும். சிராய்ப்பு இருப்பதால் பானை சுட்ட பிறகு கூர்மையான எதையோ கொண்டு கீறியிருக்கிறார்கள். ஓட்டுக்கு ஓடு கையெழுத்தும் வேறுபடுகிறது. குயவர் ஒருவரே எல்லாவற்றிலும் எழுதவில்லை, பானையை வைத்திருந்தவர்கள் அவரவர் பெயரை எழுதிக்கொண்டார்கள் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது இப்படித்தான். கீறலின் விளிம்பிலிருந்து ஒரு சமூகத்தின் எழுத்தறிவு வரை நீளும் இந்தப் பாதையில் ஒவ்வொரு படியையும் ஆறாம் வகுப்புப் பிள்ளையால் ஏற முடியும். ஏற்றிவிட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

காலக்கணிப்பையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். உயிரோடு இருக்கும்வரை மரமும் பயிரும் காற்றிலிருந்து கார்பன்-14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். மடிந்த பிறகு வரத்து நின்றுபோகும். உள்ளே இருப்பது 5,730 ஆண்டுகளுக்குப் பாதி என்ற கணக்கில் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் மடிந்த காலம் தெரியும். கீழடியிலிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் எடுத்ததற்குப் பொ.ஆ.மு. 205 என்றும் முடிவு வந்தது. 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியானபோது 580 என்ற எண் மட்டும் தலைப்புச் செய்தியாயிற்று. 205ஐ அநேகமாக யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கீழே போகப் போகக் காலம் பின்னே போகிறது என்ற அடுக்கின் தர்க்கம் பிடிபடும்.

இன்னொன்றும் உண்டு. பொ.ஆ.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் காற்றில் இருந்த கார்பன்-14 அளவு ஏறி இறங்கியதால், வெவ்வேறு நூற்றாண்டுகளில் மடிந்த பொருட்கள் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டுகின்றன. இதை விஞ்ஞானிகள் ‘ஹால்ஸ்டாட் சமதளம்’ என்கிறார்கள். இந்தக் காலத்தைச் சேர்ந்த எந்த மாதிரிக்கும் ஆய்வகம் தரும் விடை ஓர் ஆண்டாக இருக்காது. நீண்ட ஒரு கால எல்லையாகவே இருக்கும். கீழடியின் 580உம் இந்தக் காலத்துக்குள்தான் விழுகிறது. தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்த சிக்கல் இல்லை இது, ஐரோப்பிய இரும்புக்கால ஆய்வாளர்களும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். இதைச் சொன்னால் கீழடியின் பெருமை குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை. எதிர்த்துக் கேட்பவருக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் கீழடிக்குத் துணை.

சிவகளையே இதற்கு நல்ல உதாரணம். 2021இல் அங்கே ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுமிக்குப் பொ.ஆ.மு. 1155 என்று காலம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையில், அதே சிவகளையின் வேறு மாதிரி ஒன்றுக்குப் பொ.ஆ.மு. 3345 என்று வந்தது. ஒரே ஊர், இடையில் 2,000 ஆண்டுகளுக்கு மேல். எது சரி என்று ஒரு மாணவி கேட்டால் அவளுக்குக் கிடைக்க வேண்டிய விடை: எந்தத் தாழி, என்ன மாதிரி, இரும்புக்குப் பக்கத்தில் எப்படிக் கிடந்தது என்று பார். ஓர் இடுகாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியிருக்கலாம். இந்த உரையாடல் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளையின் மனத்தில் ஆயுளுக்கும் நிற்கும்.

சான்றை விட்டுவிட்டு முடிவை மட்டும் தரும் குறை மத்திய அரசின் பாடநூல்களிலும் வேறு உருவத்தில் தெரிகிறது. என்சிஇஆர்டி 2024இல் ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவந்த புதிய நூல், வரலாறு, புவியியல், குடிமையியல் என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒரே புத்தகமாக்கியது. கால வரிசைக்கும் வரலாற்றுச் சான்றுகளுக்கும் அதில் ஓர் அத்தியாயம் இருப்பது பாராட்டத்தக்கது. அதே நூல் சிந்துவெளி நாகரிகத்துக்குச் ‘சிந்து-சரஸ்வதி’ என்ற பெயரையும் முன்வைக்கிறது. அதன்மீது அறிஞர்களிடையே கடும் வாதம் நடக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலில் ஹரியானாவின் ராகிகடி மரபணு ஆய்வைச் சேர்த்தது இன்னும் கவனிக்க வேண்டிய செய்தி. 2019இல் ‘செல்’ இதழில் வந்த அந்த ஆய்வில், 61 எலும்பு மாதிரிகளைப் பரிசோதித்ததில் ஒரே ஒரு பெண்ணின் எலும்பில்தான் பயன்படத்தக்க மரபணு கிடைத்தது. அவரிடம் மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் மரபணுக் கூறு இல்லை. அதே வாரத்தில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வு, அந்தக் கூறு பொ.ஆ.மு. இரண்டாயிரத்துக்குப் பிறகு இந்தியாவுக்குள் வந்ததைக் காட்டியது. இரண்டு கட்டுரைகளிலும் பங்கெடுத்த ஆய்வாளர்கள் பலர் பொதுவானவர்களே. ஆரியர் குடியேற்றமே நடக்கவில்லை என்பதற்கு முதல் ஆய்வை மட்டும் சான்றாகக் காட்டினால் மாணவருக்குப் பாதிக் கதைதான் போய்ச் சேர்கிறது. 61இல் ஒன்று என்ற எண்ணையும் இரண்டாவது ஆய்வையும் அருகருகே அச்சிட்டால், முடிவை அவர்களே எடைபோட்டுக்கொள்வார்கள்.

சென்னையானாலும் டெல்லியானாலும் இந்த அளவுகோல் மாறக் கூடாது. அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் சமர்ப்பித்த 982 பக்க அறிக்கையில் கீழடியின் தொடக்கத்தைப் பொ.ஆ.மு. எட்டாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோயிருந்தார். 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை அதில் திருத்தம் கேட்டது. அவர் தம் முடிவில் உறுதியாக நின்றார். அரசியல் மேடைகளில் அது போர்க்களமாயிற்று. பள்ளிகளில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை, சர்ச்சை நமக்கெதற்கு என்ற பயம். ஒன்பதாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது. ஓர் ஆய்வாளர் எதை வைத்து எட்டாம் நூற்றாண்டு என்கிறார், மறுப்பவர்கள் எதைக் கேட்கிறார்கள், தீர்ப்பதற்கு இன்னும் எந்தக் குழியில் எந்த மாதிரி வேண்டும் என்று பலகையில் மூன்று பத்தி போட்டு எழுத வைக்கலாம்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. வகுப்பறைக் குப்பைக்கூடையை ஒரு வாரம் கொட்டாமல் வைத்து, வெள்ளிக்கிழமை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், அடுக்கியல் புரிந்துவிடும். மேலே வெள்ளிக்கிழமையின் வாழைப்பழத் தோல், அடியில் திங்கட்கிழமையின் பென்சில் சீவல், நடுவே யார் எழுதினார்கள் என்று தெரியாத ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டு எந்தக் கிழமையுடையது, எப்படித் தெரியும் என்று கேட்டால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடும். வாதாடட்டும்.

பிள்ளைகளை மண்வெட்டியோடு தொல்லியல் மேட்டுக்கு அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. இடம்பெயர்ந்த பொருள் தன் அடுக்கை இழந்துவிடும், சட்டமும் அனுமதிக்காது. மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பானை ஓட்டையோ பழைய காசையோ பார்த்தால் கிடந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்ல வேண்டும் என்ற நான்கு வரி, ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் அந்தப் பக்கத்திலேயே இருக்கலாம். மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாகி, பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும் பேச்சு நடந்துவரும் நேரம் இது. 353 செ.மீ., 200 செ.மீ. என்ற இரண்டு ஆழங்களும் அவற்றின் காலங்களும் ஒரு குழியின் படத்தோடு அதில் இடம்பெறட்டும். ‘பொருத்துக’ பகுதியில் ஒரு வரியை எடுத்துவிட்டாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

(தொடரும்)