"கடனைப் பாதியாக்கித் தர்றோம்!" போனில் ஆசை காட்டும் 'ஆலோசகர்'கள்: பீஸ் கட்டும் முன் உஷார்!

முதல் தேதி சம்பளம் வருகிறது. ஐந்தாம் தேதிக்குள் வண்டித் தவணை, கிரெடிட் கார்டு, நகைக் கடன் வட்டி, செல்போன் ஆப்பில் வாங்கிய சில்லறைக் கடன் என்று அத்தனையும் போய்விடுகிறது. பத்தாம் தேதி கைமாற்று. தி.நகரில் சின்னக் கடை வைத்திருப்பவர் என்றால் சாயங்காலம் தண்டல்காரர் வாசலில் நிற்பார். மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு என்று எங்கே கேட்டாலும் இதே கதைதான்.

இப்படி மூச்சுத் திணறுகிறவர்களுக்குத்தான் அந்தப் போன் வருகிறது.

"சார், உங்க கடன் மொத்தத்தையும் பாதியா குறைச்சுத் தர்றோம். பேங்க்காரங்ககிட்ட நாங்க பேசிக்கறோம். இனிமே ஒரு பைசாகூட அவங்களுக்குக் கட்டாதீங்க. எங்க பீசை மட்டும் கட்டிடுங்க!"

கேட்பதற்கு என்னவோ இனிப்பாகத்தான் இருக்கிறது!

'கட்டாதே' என்பதன் விலை

தவணையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மட்டும் இந்த ஆசாமிகள் சொல்வதில்லை. வட்டி நிற்காது. அபராதம் ஏறும். கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும் அதே கதிதான். இது பலருக்குத் தெரியாது.

நாலைந்து மாதம் போனபின் பேங்க் இறங்கிவந்து, குறைந்த தொகைக்கு ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஒத்துக்கொண்டாலும் சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். முழுக்கக் கட்டி முடித்ததற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! பிறகு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு வார்த்தை குறுக்கே நிற்கும். இத்தனைக்கும் பேங்கில் நேரே போய்ப் பேசி, தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி கேட்க யாருக்கும் பீஸ் தர வேண்டியதில்லை.

"சிபிலை கிளீன் பண்ணித் தர்றோம்" என்பது இன்னொரு சரக்கு. உள்ளது உள்ளபடி பதிவானதை எவராலும் அழிக்க முடியாது. தப்பாகப் பதிவாகியிருந்தால் திருத்தக் காசு வேண்டாம். புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவே போட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டும் இலவசம்.

பழைய போர்டை நம்பலாமா?

"ரொம்ப நாளா நடத்தறாங்க, நம்ம ஏரியா ஆளுங்கதான்" என்பது மயிலாப்பூர்ப் பக்கம் சகஜமாகக் கேட்கும் பேச்சு. 1872-ல் ஆரம்பித்த மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் பண்டு என்ன ஆனது? முதிர்ந்த டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை என்று புகார்கள் குவிந்து, 2024 ஆகஸ்டில் அதன் தலைவரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் கைது செய்தார்கள். பென்ஷன் பணத்தைப் போட்ட பெரியவர்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். 150 வருஷத்து நிதி நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், நேற்று மாடியில் அறை பிடித்து, நாற்காலி போட்ட 'கன்சல்டன்சி'யை எதை வைத்து நம்புவது?

நல்ல ஆலோசகர் எப்படி இருப்பார் என்பதற்கு ரிசர்வ் வங்கியே ஓர் அளவுகோல் வைத்தது. 2009-ல் வங்கிகள் கடன் ஆலோசனை மையம் திறக்க அது வகுத்த திட்டத்தில், ஆலோசனை இலவசம். மையம் தாய் வங்கியிடமிருந்து விலகி நிற்க வேண்டும். அங்கே உட்கார்ந்து வங்கிச் சரக்கை விற்கக்கூடாது. மும்பையில் பாங்க் ஆப் இந்தியா 2006-லேயே 'அபய்' என்ற மையத்தை ஆரம்பித்திருந்தது. பின்னால் 2012-ல் இவை நிதிக் கல்வி மையங்களாக மாறின. சேமிப்புப் பாடம் சொல்வதில் உள்ள சுறுசுறுப்பு, கடனில் முங்கியவரைக் கரையேற்றுவதில் இல்லை என்பதுதான் குறை. அந்த இடைவெளியில்தான் போன் ஆசாமிகள் புகுந்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். அங்கே 2010-ல், கடனைக் குறைப்பதாகப் போனில் ஆள் பிடிக்கும் கம்பெனிகள், ஒரு கடனையாவது தீர்த்துக் காட்டும்வரை பீஸ் வாங்கக்கூடாது என்று தடை போட்டார்கள். நம்மூரில் முன்பணம் கேட்டவுடனேயே எழுந்து வந்துவிடுவது நல்லது. வெற்றுத்தாளில் கையெழுத்து, செக் புத்தகம், ஓ.டி.பி. கேட்டால் பேச்சே வேண்டாம்.

எங்கே போவது?

வசூல் ஆட்களின் தொல்லை தாங்காமல்தான் பலர் இவர்களிடம் விழுகிறார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கடன் கேட்டுப் போன் செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மீறினால் முதலில் அந்த வங்கியிலேயே எழுத்து மூலம் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி என்றால் 2003-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை ஜெயில். போலீசில் புகார் தரலாம்.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் உயர்நீதிமன்ற வளாகம். சட்டப்பணிகள் ஆணைக்குழு அங்கேதான் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி, போன் 15100. கோர்ட்டுக்குப் போகாத கடன் தகராறையும் லோக் அதாலத்தில் வைக்கலாம். அங்கே முடிவான தொகைக்கு அப்பீல் இல்லை. ஆகவே மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டில் கணக்குப் போட்டு, கடன் பத்திரம், பேங்க் ஸ்டேட்மென்ட், கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.