சுழலும் முக்கோணம்

உள்ளெரி எந்திரம் என்றதும் உருளையும் அதனுள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனும் நம் நினைவுக்கு வரும். பாடக் குறிப்பேட்டில் நாம் வரைந்து பாகம் குறிக்கும் படமும் அதுவே. பிஸ்டனே இல்லாத எஞ்சின் ஒன்றும் உண்டு. 1967 முதல் 2012 வரை ஜப்பானின் மாஸ்டா விளையாட்டுக் கார்களை ஓட்டிய 'ரோட்டரி' எஞ்சின்தான் அது.

இதைக் கண்டறிந்தவர் ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர். நடுவில் சற்றே ஒடுங்கிய, நிலக்கடலைத் தோடு போன்ற அறை. அதனுள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணச் சுழலி. ஆட்டுக்கல்லில் குழவி தானும் சுழன்று குழியையும் சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஏறத்தாழ அவ்வாறே இதுவும் சுழலும். உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் ஆகிய நான்கும் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் முறையே நடைபெறும். சுழலி ஒரு முறை சுற்றினால் தண்டு மூன்று முறை சுற்றும். முன்னும் பின்னும் ஓடித் திரும்பும் பாகம் இல்லாததால் அதிர்வு குறைவு. எஞ்சினும் சிறியது, எடையும் குறைவு.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! முக்கோணத்தின் மூன்று முனைகளும் அறைச் சுவரை உரசிக்கொண்டே ஓட வேண்டும் என்பதில்தான் தொல்லை தொடங்கிற்று.

1945இல் அணுகுண்டு வீழ்ந்த ஹிரோஷிமாவில், ஒரு குன்றின் மறைவால் அழிவிலிருந்து தப்பிய தொழிற்சாலை தோயோ கோக்யோ. பிற்காலத்தில் மாஸ்டா எனப் பெயர் மாறியது இதுவே. 1961இல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1963இல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேரை இப்பணியில் அமர்த்தினர். தலைவனுக்காக உயிர்நீத்த 47 வீரர்களின் கதை ஜப்பானியர் அனைவரும் அறிந்தது. இவர்களுக்கும் அப்பெயரே நிலைத்தது. சோதனை எஞ்சின்களின் சுவரில் அலையலையாகக் கீறல்கள் விழுந்தன. 'பேயின் நகக்கீறல்' என்று அவற்றை அழைத்தார்களாம். எத்தனையோ பொருள்களைச் சோதித்துப் பார்த்து, முடிவில் அலுமினியம் ஊட்டிய கரியால் முனைத் தடுப்புகளைச் செய்து வென்றனர். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் வெளிவந்தது. அதே ஆண்டில் என்.எஸ்.யு. வெளியிட்ட காரோ முனைத் தேய்மானத்தால் பெயர் கெட்டது. உரிமம் தந்தவர் தளர்ந்த இடத்தில் வாங்கியவர் நிலைத்து நின்றதை என்னென்பது!

1973இன் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் இந்த எஞ்சின் நிறுவனத்தையே கவிழ்க்கப் பார்த்தது. ஆயினும் அதைக் கைவிடவில்லை. 1978இல் ஆர்.எக்ஸ்-7 என்ற விளையாட்டுக் கார் பிறந்து உலகெங்கும் விற்றது.

1991 ஜூன் மாதம், பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். நான்கு சுழலிகள் கொண்ட எஞ்சினுடன் 55ஆம் எண் மாஸ்டா 787பி கார் 362 சுற்றுகள் ஓடி முதலாவதாக வந்தது. ஜப்பானியக் கார் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் முறை; அடுத்த வெற்றிக்கு 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. கடைசியாக ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடல் நீர் வற்றிச் சோர்ந்து விழுந்ததால் வெற்றி மேடையில் ஏறவே இல்லை. பாவம்!

பிறகு ஏன் நிறுத்தினார்கள்? எரியும் அறை நீண்டு மெலிந்திருப்பதால் வெப்பம் சுவர் வழியே வீணாகிறது. எரிபொருளும் முழுதாக எரிவதில்லை. முனைகளுக்கு இடும் எண்ணெயும் உடன் எரிந்து புகையாகிறது. அழகான வடிவமே அதன் குறையுமாயிற்று என்பது எங்கள் கருத்து. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் 2012இல் ஆர்.எக்ஸ்-8 காருடன் உற்பத்தி நின்றது.

2023இல் ஹிரோஷிமாவில் அது மீண்டும் பிறந்தது. ஒரே சுழலி, 830 கன சென்டிமீட்டர். இம்முறை அது சக்கரங்களைச் சுழற்றவில்லை. மின்சாரக் காரின் மின்கலத்துக்கு மின்னூட்டும் ஜெனரேட்டராக அமர்ந்தது.